ஓவர்டைம் காசுக்கு ஒரு இசைத்தட்டு

எங்கள் வீட்டில் ஓவர்டைம் காசுக்கு என்று தனிச் சட்டம் உண்டு. சம்பளம் வீட்டுக்கு, ஓவர்டைம் காசு பாட்டுக்கும் புத்தகத்துக்கும். அதிலிருந்து பாலோ காய்கறியோ வாங்கக் கூடாது. குழாய் ஒழுகினால்கூட அடுத்த சம்பளம் வரை வாளி வைத்துச் சமாளிக்க வேண்டும்.

கல்யாணமான முதல் வருஷம் என் வீட்டுக்காரர் தன் ஓவர்டைம் காசு முழுவதற்கும் மூன்று இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு, ஏதோ புதையல் எடுத்தவர் மாதிரி வந்து நின்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்குப் புத்தகம் என்றால் உயிர். அது அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் சமாதானத்துக்கு வந்தவர் சொன்னதுதான் சட்டமாயிற்று.

“இனிமே உனக்கு நான் வாங்குறேன், எனக்கு நீ வாங்கு. எது வந்தாலும் வாய் திறக்கக் கூடாது. மாத்தவும் கூடாது.”

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் என் புத்தகங்களை அவர்தான் எடுத்தார். அவருடைய இசைத்தட்டுகளை நான்தான் எடுத்தேன். எனக்கென்று ஒரு புத்தகத்தை நானே எடுத்ததில்லை.

இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்குப் பாட்டு தெரியாது. பிடிக்காது என்றில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எப்படிக் காதில் விழுகிறதோ அப்படித்தான் எனக்கு எல்லாப் பாட்டும். ஆனால் முகம் தெரியும். நான் வேலை செய்வது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். பல்லின் வெள்ளை ஒரே வெள்ளை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் கையிலிருக்கும் பட்டையில் பதினாறு வெள்ளை உண்டு. அதை வந்தவரின் உதட்டோரம் பிடித்து, இந்த முகத்துக்கு இந்த வெள்ளை என்று சொல்வது என் வேலை. பல்லை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். முகத்தையும் பார்க்க வேண்டும்.

இசைத்தட்டையும் அப்படித்தான் எடுத்தேன். கடைக்காரர் கொஞ்சம் ஓடவிடுவார். நான் என் வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அவர் அதைப் போட்டதும் எதிரே உட்கார்ந்து, துணியை மடிப்பது போல மடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்ப்பேன். இடது புருவம் ஏறினால் நல்லது. கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் மிக நல்லது. கண்ணை மூடிவிட்டாரென்றால் நூற்றுக்கு நூறு. அடுத்த முறையும் அதே ஜாதியில் ஒன்று வாங்குவேன். “என் பொண்டாட்டி காது அப்படி, ஒரு தடவைகூடத் தப்பா எடுத்ததில்ல” என்று அவர் தன் சகாக்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். நான் மறுக்கவில்லை. பொய்யாக வந்த பெருமையானாலும் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை எப்படி வெளியே தள்ளுவது?

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. அதில் அவருடைய ஒரு காது போயிற்று. அடுத்த வருஷம், காய்ச்சல்கூட இல்லாமல், இன்னொன்றும் போயிற்று. நரம்பு என்றார் மருத்துவர். கருவி வாங்கி மாட்டிப் பார்த்தோம். “தகரத்து மேல மணல் கொட்டுற மாதிரி இருக்கு” என்று நான்காம் நாள் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைக் கதவில் காதை வைத்தால் உள்ளே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவார். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், வேலையை விட்டு அனுப்பாமல் உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே ஓவர்டைம் கிடையாது. அதனால் இப்போது சட்டம் ஓடுவது என் ஓவர்டைம் காசு வரும் கவரில் மட்டும்.

வீட்டில் சமையல்மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவேன். ‘தண்ணி வரல.’ ‘மக போன் பண்ணா, நல்லா இருக்கா.’ ‘நாளைக்கு நான் சீக்கிரம் போகணும்.’ எழுத உட்கார்ந்தால் வேண்டியது மட்டும்தான் வருகிறது. வேண்டாததுதான் பேச்சு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சண்டைகூடப் போட முடியவில்லை. கோபத்தை எழுதி முடிப்பதற்குள் அது ஆறிப்போகிறது. எழுத்துப் பிழை வேறு கண்ணில் படுகிறது. அவரும் தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாததால் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் கடிகாரம் ஓடுவது எனக்கு மட்டும் கேட்டது.

அவர் மனம் நோகக் கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். இசைத்தட்டு ஓடும் பெட்டியைத் தூக்கி, வேலைக்காக வெளியூர் போய்விட்ட மகளின் அறையில் வைத்து, மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். தட்டுகளையும் அங்கேயே அடுக்கினேன். அவர் வேலையிலிருந்து வந்து காலியான இடத்தைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அவருக்கும் நிம்மதி போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் வந்த இரண்டு கவர்களிலும் இருவருக்குமே புத்தகம் வாங்கினேன். அவருக்குப் பாலங்கள் கட்டுவது பற்றி ஒன்று, கடல் பயணம் பற்றி ஒன்று. இரண்டையும் மூன்று நாள் கையில் வைத்திருந்து, விரல் வைத்த பக்கம் நகராமலே அலமாரியில் செருகினார். எனக்குப் புத்தகம் எடுக்கக் கடைக்கும் வருவதில்லை. முட்டி வலி என்றார். கிடங்கில் நாளெல்லாம் ஏணி ஏறுகிற முட்டிக்குச் சனிக்கிழமை மட்டும் வலி.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது கவர். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மகள் அழைத்தாள். என்ன வாங்கப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, அந்தத் தட்டுகளையெல்லாம் கடைக்கே கொடுத்துவிடலாமே என்றாள். அப்பா அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று நான்தான் முன்பு அவளிடம் சொல்லியிருந்தேன்.

“பார்க்கப் பார்க்க அவருக்குக் கஷ்டம்தானேம்மா. அந்தக் காசுக்கு ஜன்னல் பக்கம் ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடு. உட்கார்ந்து படிக்கட்டும்.”

பெற்ற பெண் அன்போடுதான் சொல்கிறாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

பழைய புத்தகமும் இசைத்தட்டும் விற்கும் அந்தக் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் இருமல் அண்ணன். விலை சொல்வதற்கு முன் ஒரு இருமல் வரும். இருமல் எவ்வளவு நீளமோ விலை அவ்வளவு கூடுதல். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட, அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் மச்சான் உறவு கொண்டாடி, “வீட்டு மாப்பிள்ளைக்கே இந்த விலையா” என்று குறைக்கச் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாடகம்.

“மச்சான் வரலையா?” என்றார் அண்ணன்.

முட்டி வலி என்றேன். பழக்க தோஷத்தில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். “வயலின். மூணு வாரமாச்சு வந்து. மச்சானுக்குன்னு...” என்றவர் பாதியிலேயே நிறுத்தி, அதை மறுபடி அடியில் வைத்தார். இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.

நான் புத்தகங்கள் பக்கம் போனேன். எனக்கு எதை எடுப்பது? ஒவ்வொன்றாக எடுத்து, இதை என் வீட்டுக்காரர் எனக்கு எடுப்பாரா என்று கேட்டுக்கொண்டேன். அவர் புத்தகம் எடுப்பது ஒரு காட்சி. அட்டையைப் பார்க்க மாட்டார். நடுப்பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே, உதடு அசைய இரண்டு பக்கம் படிப்பார். தேனீ வளர்க்கிற பெண்ணின் கதை, நாலு தலைமுறை அடித்துக்கொள்கிற தடித்த நாவல், விமான நிலையத்தில் வாழ்நாளெல்லாம் பெட்டி தூக்கியவரின் நினைவுகள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும். எப்படித்தான் எடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டபோது, “நீ படிச்சிட்டு ராத்திரி சாப்பிடறப்ப என்கிட்ட கதை சொல்லணும்ல. சொல்ற மாதிரி இருக்கான்னு பார்ப்பேன்” என்றார்.

அலமாரி முன் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. முட்டி வலியின் காரணமும் தெரிந்தது. நான் சொல்லும் கதை இனி அவர் காதில் விழாது. பிறகு எதை வைத்து எடுப்பார்?

கடைசியில் மெல்லிய நாவல் ஒன்றை எனக்காகவும், மலையேற்றம் பற்றிய ஒன்றை அவருக்காகவும் எடுத்தேன். மனம் ஒட்டவில்லை. பணம் கொடுக்கும்போது தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன். அண்ணனுக்கு இருமல் வரவில்லை.

“மச்சான் சொன்னாரா?”

“மக சொன்னா.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா தங்கச்சி. நான் ஒண்ணொண்ணா வித்தது. திருப்பி எடுக்கக் கை கூசுது.”

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் சமையல்மேடை வரை இருந்தது. அவர் பையை வாங்கி, எப்போதும் போல மேஜைமேல் வைத்துப் பிரித்தார். என் புத்தகத்தை எடுத்தார். அவருடையதை எடுத்தார். பிறகு பைக்குள் கையை விட்டார். மறுபடி விட்டார். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். பில் மட்டும் விழுந்தது.

“எனக்கு எங்க?”

மலையேற்றத்தைச் சுட்டினேன்.

“இது புத்தகம். நீ எனக்குப் பாட்டுதானே வாங்கணும்?”

சட்டம் அப்படித்தான். நோட்டை இழுத்து, ‘உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு’ என்று எழுதிக் காட்டினேன். படித்தவரின் குரல் ஒரேயடியாக உயர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது எனக்குக் கேட்டது.

“எனக்குத்தான் காது கேக்காது. உனக்குமா கேக்காது?”

பேனாவை மூடி வைத்தேன்.

“ரெண்டு தடவை பொறுத்தேன். வாய் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நானாச்சே. பெட்டியைத் தூக்கிட்டுப் போய் மூடி வச்ச. அதுக்கும் பேசல. நீயாவது அந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கேப்பன்னு நெனச்சேன். உனக்கு அதுல உசிரு ஆச்சே. தெனமும் நீ வர்றதுக்குள்ள போய் விரிப்பைப் பார்ப்பேன், டாக்டரம்மா. மடிப்புகூடக் கலையல.”

டாக்டரம்மா என்பது பல் செய்கிற எனக்கு அவர் வைத்த பட்டம். அதைக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். இந்த முறை வேண்டியது மட்டுமாக வரவில்லை. எனக்குப் பாட்டு தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. நான் கேட்கவே இல்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம், உதடு, கண் எல்லாவற்றையும் எழுதினேன். கண்ணை மூடிக் கேட்டீர்களே, அந்தப் புல்லாங்குழல், அது பிடித்ததென்றுதான் பிறகு நாலு புல்லாங்குழல் வாங்கினேன். இப்போது அந்த முகம் இல்லை. எதை வைத்து எடுப்பேன்? இரண்டரைப் பக்கம் ஆயிற்று. நோட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு வாசல் கதவைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷப் பெருமை போகப் போகிறது.

அவர் நிதானமாகப் படித்தார். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் நின்று, விரலை வைத்து, திரும்பப் படித்தார்.

“புல்லாங்குழலா?”

தலையாட்டினேன்.

“கண்ணை மூடினா தூங்கறேன்னு அர்த்தம்டி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார். காது போனபின் அவர் சிரித்த சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது, அவருக்குத் தெரியாது. ஐந்து புல்லாங்குழல், ஐந்தும் மாற்றக் கூடாத புல்லாங்குழல், வாங்கி வந்தவள் எதிரே உட்கார்ந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போகவும் முடியாமல் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தூங்கினாராம். சட்டம் போட்டவனுக்கு நல்லா வேணும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து மகளின் அறைக்குப் போய் விரிப்பை உருவினார். அடுக்கில் தேடி, ஒரு தட்டை எடுத்து, சட்டை ஓரத்தால் துடைத்து, முள்ளைத் தானே வைத்தார். கை பழசை மறக்கவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. புருவத்தை ஏற்றிப் பார்த்தேன். பொய் என்று அவருக்கும் தெரிந்தது, உதட்டைச் சுழித்தார். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகு பார்க்க ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் கேட்டேன்.

பியானோ. முதலில் அது யாரோ படியேறுவது போல இருந்தது. நாலு படி ஏறி, எதையோ மறந்துவிட்டு, மூன்று படி இறங்கியது. மறுபடி ஏறியது. இடையில் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் என் நெஞ்சு எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்குள் அது போய்விட்டது. இவ்வளவு பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க, இதற்குள் நான் ஒற்றையாக இருந்தேன். இவரும் இத்தனை வருஷம் இதற்குள் ஒற்றையாகத்தான் இருந்திருக்கிறார். நான் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சேர்ந்து கேட்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் மடியில் நோட்டு இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

“இப்ப எங்க இருக்கு? அந்த நிக்கிற இடம் வந்துடுச்சா?”

வந்துடுச்சு என்று எழுதினேன். படி, மறதி, இறக்கம் எல்லாம் எழுதினேன். படித்துவிட்டு, “படியெல்லாம் இல்ல, அது மழை” என்றார். நான் படிதான் என்று பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன். நோட்டில் அது எங்கள் முதல் சண்டை. ஆனால் தட்டு முடிந்து முள் தானாகத் திரும்பி உட்கார்ந்ததை நான் மட்டும்தான் கேட்டேன். அவர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கவர் வர ஐந்து வாரம் ஆயிற்று. மகளிடம் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். அப்பாவுக்கு முட்டி வலி சரியாகிவிட்டது என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

இருவரும் போனோம். இருமல் அண்ணன் மச்சானைக் கண்டதும் எழுந்து நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். என் வீட்டுக்காரர் நேராகப் புத்தக அலமாரிக்குப் போய்விட்டார். நான் முதல் முறையாகக் கடையின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

மூன்று தட்டுகள் எடுத்துக் கொடுத்தார் அண்ணன். அந்த வயலின், வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் பாடுவது, இரண்டு பேர் சேர்ந்து பியானோ வாசிப்பது. புல்லாங்குழலை நானே வேண்டாமென்றேன். காசு ஒன்றுக்குத்தான் இருந்தது, மற்றது புத்தகத்துக்கு. வயலினைக் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு அழகு? பதினாறில் எந்த வெள்ளை? பழக்கத்தில் நிமிர்ந்து என் வீட்டுக்காரரின் முகத்தைத் தேடினேன். முதுகு தெரிந்தது. நடுப்பக்கத்தைப் பிரித்து நின்று படித்துக்கொண்டிருந்தார். எழுதியே சொல்லக்கூடிய கதையைத் தேடுகிறார் போலும், நேரம் எடுத்துக்கொண்டார்.

“என்னங்க” என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. அண்ணன்தான் திரும்பிப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கானதை நான்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டிருக்கவே கூடாது. மூன்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அந்தப் பெண் பாடியதில் ஓரிடத்தில் மூச்சை இழுப்பது கேட்டது. குரலைவிட அந்த மூச்சு என்னைப் பிடித்து நிறுத்தியது. அதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். அரைப் பக்கமாவது ஆகும். அதை எடுத்துக்கொண்டேன். சரிதானா என்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் நீளமாக இருமினார். என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை. அதனால் பயமில்லாமல் வந்து, வீட்டு மாப்பிள்ளைக்கே இந்த விலையா என்று, விலையைச் சொல்வதற்கு முன்பே கேட்டார். அண்ணன் மறுபேச்சில்லாமல் குறைத்தார்.

திரும்பும் பேருந்தில் பை அவர் மடியில் இருந்தது. பிரிக்கவில்லை, வீட்டில்தான் பிரிக்க வேண்டும். பைத் துணிக்கு மேலேயே விரலால் தடவிப் பார்த்தார். புத்தகத்தின் தடிப்பைத் தாண்டி, அகலமான மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்பட்டது. அதன் மூலை வரை விரலை ஓட்டினார்.

“இருக்கு” என்றார், யாரிடமென்றில்லாமல்.

தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. முன் இருக்கைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.